வைகாசிக்கு முன் போட்ட ஊசி

நாரி நோவு, இந்த இடுப்பு வலி, எனக்குப் பழகிப்போன ஒன்று. குனிந்து கூட்டினால் பிடிக்கும், கதிரையிலிருந்து எழும்பினால் பிடிக்கும். குளிசை, எண்ணெய், ஒத்தடம் எல்லாம் பார்த்து முடிந்து, முள்ளந்தண்டில் ஊசி போடலாம் என்று டொக்டர் சொன்னது மாசியில். வைகாசிக்குக் கிட்டப் போடுங்கள் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அதன் சுகம் சில கிழமையோ சில மாதமோதான் நிற்குமாம். அதை வீடு கூட்டுவதில் வீணாக்க எனக்கு மனமில்லை.

வைகாசியில்தான் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கும். அம்மனுக்குப் படைக்கும் நெல்லை, மாதவிடாய் நின்ற பெண்கள் விரதமிருந்து கோயிலுக்குள்ளேயே குத்துவோம். ஓர் உரலுக்கு இருவர். எனக்கு எதிரே நிற்பவள் மச்சாள், என் தம்பியின் மனைவி. அவள் உலக்கை இறங்கும்போது என்னுடையது ஏறும். நோவு வந்தபின் நான் வெளியே நின்று பார்க்கிற ஆளாகிவிட்டேன். அந்த உலக்கைக்கு ஏங்கியதுபோல எந்த நகைக்கும் நான் ஏங்கியதில்லை.

ஊசி போட்டு ஒரு கிழமைக்குள் நோவு போய்விட்டது. வாவிக்கரையால் நடந்தே மச்சாள் வீட்டுக்குப் போனேன்.

"நான் வாறன்கா. வேற ஆளைக் கேக்காத."

குத்துகிற நாளுக்கு முதல்நாள் எனக்கு உதிரம் கண்டது. நின்று வருடக்கணக்காகிவிட்டது. பயந்துபோய் டொக்டருக்குப் போன் எடுத்தேன். இந்த ஊசி மருந்துக்குப் பிறகு சிலருக்கு அப்படி வருவதுண்டு, என்றாலும் கட்டாயம் வந்து காட்டவேண்டும் என்றார். தீட்டோடு கோயிலுக்குள் போகமுடியாது. அம்மனோடு சண்டை பிடிக்கிற ஆள் நானில்லை, அன்று பிடித்தேன்.

மறுநாள் என் வீட்டு வாசலில் நின்றேன். கோயில் பக்கமிருந்து உலக்கைச் சத்தம் காற்றில் வந்தது. இடையில் இரண்டு உலக்கை முட்டிக்கொண்ட சத்தம். பிறகும் ஒருதரம். நாரி கொஞ்சமும் நோகவில்லை.

பின்னேரம் மச்சாள் வந்தாள். விரதக்காரி என்பதால் உள்ளே வராமல் வேலிக்கு வெளியே நின்றாள்.

"எதிர்ல நிண்டவவோட சரிவரல்லகா. என்ர கை ஒங்கட குத்துக்கெண்டே இடம் விட்டு விட்டுக் குத்துது."

வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள்.

பரிசோதித்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆவணியில் நோவும் திரும்பி வந்துவிட்டது. இப்போதும் படுத்துக் கிடக்கும்போது, அவள் விட்ட அந்த இடைவெளியில் உலக்கையைப் போட என் கை உன்னுகிறது.