சாமியை வெளியே வைத்த சாயங்காலம்

உலகம் அழிகிற படம் என்றால் எனக்கு உயிர். கடல் பொங்க வேண்டும், பாலம் முறிய வேண்டும், நடுவில் ஒருவன் ‘என்னை விடுங்கப்பா, வேற ஆளைப் பாருங்க’ என்று சிணுங்க வேண்டும். அந்தச் சிணுங்கல் இல்லாத கதாநாயகனை நான் நம்பவே மாட்டேன். நம் பிரளயக் கதையில் வரும் ராஜாவும் ஆற்றில் கை கழுவப் போனவர்தான். கைக்குள் வந்த குட்டி மீன் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சியதில் மாட்டிக்கொண்டார். பிரளயத்தில் அவர் படகைத் தண்ணீரில் இழுத்துக் காப்பாற்றிய அந்த மீன் பெருமாள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோவில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு குட்டி அறை. பல தமிழ் வீடுகளைப் போல நாங்களும் அதைப் பூஜை அறையாக்கியிருந்தோம். டார்னடோ என்கிற சுழல்காற்று வந்தால் ஒளிந்துகொள்ளவும் ஜன்னலில்லாத அந்த ஒரே இடம்தான் என்பதைச் சாமியை வைத்தபோது யாரும் யோசிக்கவில்லை.

போன வசந்தத்தில் ஒரு சாயங்காலம் டார்னடோ எச்சரிக்கைச் சைரன் அலறியது. கணவர் வேலையாக ஆஸ்டினில், வீட்டில் நானும் மகளும் மட்டும். எதிர்வீட்டு அங்கிள் ஞாபகம் வந்தது. மகனோடு இருக்க ஊரிலிருந்து வந்தவர். முந்தின வாரம் அங்கே அவர் தம்பி இறந்துபோனார்; போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று இவர் போகவில்லை. மகனும் மருமகளும் ஆபீசில். மகளைப் பூஜை அறைக்குள் அனுப்பிவிட்டு, ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பூஜை அறை வாசலில் நின்றுவிட்டார்.

“தீட்டு இன்னும் கழியலம்மா. சாமி ரூமுக்குள்ள வரக்கூடாது. நீங்க கதவச் சாத்திக்கோங்க, நான் ஹால்ல இருக்கேன்.”

ஹாலில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளேயிருந்து மகள், “அம்மா, ஜஸ்ட் கெட் இன்!” என்று கத்தினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தீட்டு, சாமி இதையெல்லாம் முடிவு செய்ய நான் யார்? மாமியாருக்கு போன் பண்ணிக் கேட்கலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்ப் பெருமாள், முருகன், பிள்ளையார் எல்லாரையும் அள்ளிக்கொண்டுவந்து ஹால் சோபாவில் உட்கார வைத்தேன்.

“இப்ப இது வெறும் ஸ்டோர் ரூம். வாங்க அங்கிள்.”

“சாமிய வெளிய விட்டுட்டியேம்மா!”

“பிரளயத்துல சாமி படகுக்குள்ளயா இருந்தார்? வெளிய தண்ணிலதானே இருந்தார்? அவர் மேனேஜ் பண்ணிப்பார். நீங்க வாங்க.”

வந்தார். மூவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கரண்ட் போனது. கூரையைப் பிடுங்குகிற மாதிரி காற்று இரைந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரைச்சல் தெருவைத் தாண்டிப் போய் அடங்கியது. வீடு நின்றது. இருட்டில் அங்கிள் மெல்லச் சொன்னார்.

“தீட்டுன்னு சொன்னது பாதிதாம்மா. தம்பியே போயிட்டான், நான் எதுக்கு ஒளியணும்னுதான் நின்னேன்.”

அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கார் வந்து நின்றது. “அப்பா! அப்பா!” என்று அவர் மகன் தெருவெல்லாம் அலறுவது கேட்டது. எங்களுக்கு முன்னால் அங்கிள் எழுந்து கதவைத் திறந்தார்.

“இங்கதான்டா இருக்கேன்!” என்று வீடே அதிரக் கத்தினார்.