கடைசி மூன்றெழுத்து

செய்தி வந்தபோது நான் கணினி ஆய்வகத்தில் ஒரு மாணவனிடம் சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தது மும்தாஜ் மேடத்தின் தம்பி. "சார், அக்கா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றார். மேடத்தின் ஊரான கூனிமேட்டுக்குப் பஸ்ஸில் போகப் பொறுமையில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கும் உட்கார முடியவில்லை. அவர் வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் தெரியும்: அவர் மரபியல், நான் நிரலாக்கம், வகுப்பு ஒன்றுதான். சண்டையும் ஒன்றுதான். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும். மரபியல்காரர்கள் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். ஓரெழுத்து தள்ளித் தொடங்கினால் புரதம் முழுவதும் உளறலாகிவிடும். முதல் வகுப்பிலேயே மாணவர்கள் அப்படித்தான் தள்ளித் தொடங்கினார்கள். திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. மேடம் மட்டும் சிரித்தார். "செவப்புல எரர் வந்தா பயப்படாதீங்க. ஒண்ணுமே சொல்லாம ஓடுச்சுன்னா பயப்படுங்க."

உப்பளப் பாத்தி நீர் இளஞ்சிவப்பாகும் கோடையில் அதைப் பாட்டிலில் பிடித்துவர மாணவர்களை அனுப்புவார். அதில் வாழும் நுண்ணுயிரியின் மரபணுக்கள்தான் எங்கள் பயிற்சிக்கான கோப்பு. ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் அதில் ஏதாவது ஒரு பிழையை ஒளித்துவைப்பார். எனக்கும் சொல்லமாட்டார். ஒருமுறை மீனின் மரபணு ஒன்றைச் சொருகிவிட்டார். உப்பளத்து நுண்ணுயிரிக்கு மீன் உறவு என்று வகுப்பே குதித்தது. நானும் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். "எங்க வீட்டுக் கொழம்புல கெடந்த மீன் சார் அது" என்றார்.

இறப்பதற்கு முந்தைய நாள் இந்தப் பருவத்துக் கோப்பை அனுப்பியிருந்தார். கூடவே மூச்சு வாங்கப் பேசிய ஒரு குரல்பதிவு. "இந்தத் தடவ நான் எதுவும் வைக்கல சார். ஆனா தேடச் சொல்லுங்க." நான் நம்பவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் கோப்பைத் திறந்து தேடினேன். அவர் கடைசியாக வைத்தது என் கண்ணில் படாமலே போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

அடுத்த வகுப்பில் அந்தப் பதிவைப் போட்டுக்காட்டித் தேடச் சொன்னேன். அவர்கள் தேட, நான் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். தமிழ்ச்செல்வி என்ற மாணவி, மேடம் பழக்கியிருந்தபடி ஒரு மரபணுவைத் தாளில் கையால் எழுதிப் படித்துவிட்டு வந்தாள். தயங்கித்தான் சொன்னாள். "சார், ஃபைல்ல தப்பில்ல. உங்க புரோகிராம்தான் கடைசி மூணெழுத்த விட்டுடுது."

வருடக்கணக்காக நான் சொல்லித்தரும் நிரல் அது. மரபணுவின் கடைசி மூன்றெழுத்து 'நிறுத்து' என்னும் கட்டளை. அதைப் படிக்காமல் விட்டாலும் புரதம் சரியாகவே வரும். அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை. மேடம் கவனித்திருக்கிறார்; அதனால்தான் எதுவும் வைக்காமலே தேடச் சொல்லியிருக்கிறார். என்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாரா, பேச முடியாமல் விட்டாரா? யாரிடம் போய்க் கேட்பது?

அன்றே திருத்திவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது, ஒன்றுமே சொல்லாமல் ஓடும் நிரலைப் பார்த்தால் வரும் அந்தப் பயம். இப்போது ஒவ்வொரு மரபணுவின் முடிவிலும் நிறுத்தக் குறி திரையில் வந்து நிற்கிறது. சரியாகத்தான் இருக்கிறது, மேடம். ஆனாலும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்.