இருபத்தேழு துளைகள்

எங்கள் கண்ணாடி அறையைப் பார்க்க வருகிறவர்களிடம் முதலாளி ஒரு கதை சொல்கிறார். ஆயுதபூஜை அன்று வைத்த சந்தனத்தால்தான் கண்ணாடி உடையாமல் வந்தது என்பது அந்தக் கதை. இதுவரை ஏழு பேரிடம் சொல்லிவிட்டார். ஏழு தடவையும் நான் அதே அறையில், பத்தடி தள்ளி, பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பி, அப்படித்தானே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

நான் எடையளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். விழுப்புரத்துக் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன். நான் கடைக்குள் நுழைந்தால் வியாபாரி முதலில் தராசின் அடியில் ஒட்டியிருக்கும் புளியைச் சுரண்டுவார், பிறகுதான் வணக்கம் சொல்வார். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து மாடிப்படியையும் மாத்திரையையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது திண்டிவனத்துக்கு வெளியே கண்ணாடி பாட்டில் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நிறுத்து எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறேன். திண்டிவனம் நிலையத்தில் மேம்பாலத்துக்கு ஐம்பத்திரண்டு படி. ஒரு படியின் முனை உடைந்திருக்கிறது. இரண்டு முறை மனு எழுதியும் அது இன்னும் உடைந்தேதான் இருக்கிறது.

பாட்டில் பக்கத்தில் எனக்கு வேலை இல்லை. பின்னால் ஒரு தனி அறை. அங்கே கோலியனூரைச் சேர்ந்த பெண் பொறியாளர் ஒருவர் உலையில் மணலை உருக்காமல் கண்ணாடி செய்து பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த முறைக்காகவே வந்தவர். வந்து மூன்று வருடமாகிறது.

முறை இதுதான். தண்ணீரைப் போலிருக்கும் ஒரு ரசாயனத்தைச் சாராயத்திலும் நீரிலும் கலந்து கிண்ணத்தில் ஊற்றினால், மறுநாள் அது இளநுங்கு போல உறைகிறது. அந்த நுங்குக்குள் இருக்கும் ஈரம் முழுவதும் போக இருபத்தொரு நாள் உலர வைக்க வேண்டும். உலர உலரப் பாதியாகச் சுருங்கும். பிறகு மின்சார உலையில் சுட்டால், மணலை உருக்கத் தேவைப்படும் சூட்டில் பாதியை ஒட்டிய சூட்டிலேயே, பளிங்கு மாதிரி சுத்தமான வில்லை கிடைக்கும். தண்ணீரைச் சோதிக்கும் கருவிகளுக்கு இப்படிப்பட்ட வில்லை வேண்டும். வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறார்கள். நன்றாக வந்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சென்னையில் ஒரு கருவி நிறுவனம் சொல்லியிருந்தது.

ஆனால் வரவில்லை. வேகமாக உலர்ந்தால் நுங்கு வெடித்துவிடும். அதற்காக ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, ஊசியால் முப்பத்தாறு துளை போட்டு, உலர்பெட்டிக்குள் வைப்போம். ஈரம் அந்தத் துளைகள் வழியாக மட்டும் போக வேண்டும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு கிண்ணம். மூன்று தடவை வைத்தோம். முப்பத்தாறு கிண்ணமும் பன்னிரண்டாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவே விரிசல் விட்டன. நாளையும் நேரத்தையும் எழுதியவன் நான். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மூன்று தடவையும் ‘தெரியவில்லை’ என்றே எழுதினேன்.

நான்காவது தடவைதான் கடைசி என்று முதலாளி சொல்லிவிட்டார். அவருடைய தம்பி திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு வைத்திருப்பவர். வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, ஆட்டி எண்ணெய் எடுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி, வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் எங்கள் அறைக்கு வந்து, நான் உட்கார்ந்திருந்த மேசையை நகர்த்தச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்து சுவருக்கு அளந்தார். நாடாவைத் தொய்வாகப் பிடித்து அளந்தார். ஒன்றேகால் அங்குலம் பிசகு. அதைக்கூடச் சொல்ல மனம் வரவில்லை. பொறியாளர் நான்காவது கலவையை ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் ஆயுதபூஜை. அன்றும் மறுநாளும் எனக்கு விடுமுறை. பதினோராம் நாள் காலை நான்தான் முதலில் வந்தேன். தராசில் சந்தனம், பொட்டு. கணினியில் சந்தனம். நாற்காலியின் நாலு காலிலும் சந்தனம். அதெல்லாம் எல்லா இடத்திலும் உள்ளதுதான். உலர்பெட்டியைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பன்னிரண்டு கிண்ணத்தின் தாளிலும் விரல் அகலத்துக்கு மும்மூன்று பொட்டு. துளைகளின் மேலேயே வைத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். முப்பத்தாறு என்றால் முப்பத்தாறு. பதிவேட்டில் நான் எழுதி, பொறியாளர் கையெழுத்துப் போட்ட எண் அது. எடைக்கல்லில் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருந்தாலே கடைக்காரர்மேல் வழக்குப் போட்டவன் நான். பெட்டியைத் திறந்தேன். ஈரத் துணியால் ஒவ்வொரு தாளாகத் துடைத்து, அடைபட்ட துளைகளை ஊசியால் திறந்தேன். துடைக்கத் தொடங்கும் முன் பன்னிரண்டிலும் எண்ணினேன். மூன்று பொட்டும் சேர்ந்து ஒன்பது துளையை மூடியிருந்தன. திறந்திருந்தவை இருபத்தேழு. பெரும்பாலும் அதுதான் கணக்கு. அதையும் பதிவேட்டில் எழுதினேன், பொட்டு வைத்தவரைக் கையும் களவுமாகப் பிடிக்க.

வைத்தது அறையைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள். பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். ஆயுதபூஜைக்கு மட்டும் வருடா வருடம் அவர்தான் சந்தனம் அரைப்பார். அவர் உள்ளே வரும்போது நான் பதினோராவது கிண்ணத்தில் இருந்தேன்.

“இன்னா சார், நான் வெச்சிட்டுப் போனத நீங்க தொடச்சிக்கினு கீறீங்க?”

தாளில் வைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். வேலை செய்கிற பொருளுக்கெல்லாம் வை என்று முதலாளி சொன்னாராம். இந்தக் கிண்ணத்தைவிட இங்கே எது வேலை செய்கிறது என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்போது பொறியாளர் வந்துவிட்டார். சந்தனத்தை அவர் பார்க்கவே இல்லை. திறந்திருந்த கதவைத்தான் பார்த்தார்.

“சார், மொதல்ல கதவ சாத்துங்க.”

சாத்தினேன். கீழ்த் தட்டில் மூலையில் பன்னிரண்டாவது கிண்ணம் பொட்டோடு நின்றுவிட்டது.

பதின்மூன்றாம் நாள் ஏழு வெடித்தன. பதினான்காம் நாள் நான்கு. சந்தனம் வைத்தது மட்டும் வெடிக்கவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். பூஜையில் வைத்ததைத் துடைத்தால் பின்னே என்ன ஆகும் என்று பாட்டில் பக்கத்து ஆட்களிடம் கேட்டார். என் காதில் விழ வேண்டும் என்றுதான் அங்கே நின்று கேட்டார். தம்பிக்குப் போன் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி கோபித்துக்கொண்டு பதினொரு கிண்ணத்தைத் தேடிப் போய் உடைத்ததாம். மூலையில் இருந்ததை மட்டும் அடையாளம் பார்த்து விட்டுவைத்ததாம். எடையளவுத் துறையில் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே ஒரு நோட்டீஸ் அனுப்பியிருப்பேன்.

மாலை ரயிலில், மயிலம் தாண்டும்போது, காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. பதிவேடு மடியில் இல்லை, ஆனால் எண் மனதில் இருந்தது. துளை குறைந்தால் ஈரம் மெதுவாகப் போகும். வெடிக்கிற நாட்களில் மெதுவாகப் போனதால்தான் அந்த ஒன்று பிழைத்தது. சந்தனமும் இல்லை, சாமியும் இல்லை, இருபத்தேழு. மற்ற பதினொன்றும் பிழைத்திருக்கும். அவற்றை ஊசியால் குத்தித் திறந்தது நான்.

இரண்டு நாள் சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கு எல்லோரையும்விட என் மேல் அதிகக் கோபம் வருகிறது. அந்த இரண்டு நாளும் பொறியாளர் தன் குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தன் கலவைதான் தப்பு, மூன்று வருடமாகத் தப்பான வழியில் போய்விட்டேன் என்று அந்த அம்மாளிடம் சொன்னார். அறையைக் காலி செய்ய அட்டைப் பெட்டிகள் வந்துவிட்டன. ஆறு பெட்டி. ஒன்றில் தராசை வைத்துக் கட்டினார்கள். எடைத்தட்டைக் கழற்றாமல் கட்டினால் கால் வளையும் என்று சொல்லியும் அப்படியே கட்டினார்கள்.

மூன்றாம் நாள் பதிவேட்டை எடுத்துப் போய்ப் பொறியாளர் முன்னால் விரித்தேன். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தேன்: ‘ஒன்பது துளைகள் அடைபட்டிருந்தன. அடைப்பு நீக்கப்பட்டதால் விரிசல். நீக்கியவர், பதிவாளர்.’

அவர் இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

“இருவத்தேழுன்னு எண்ணி எழுதி வெச்சிருக்கீங்க இல்ல, அது போதும் சார். ஆனா ஒண்ணே ஒண்ண வெச்சி எதையும் சொல்ல முடியாது. இன்னொரு தடவ வெச்சிப் பாக்கணும்.”

முதலாளியிடம் போனோம். துளை, ஈரம் என்று பொறியாளர் விளக்கியது எதுவும் அவருக்கு ஏறவில்லை. சந்தனம் வைத்த ஒன்று மட்டும் பிழைத்தது என்பது மட்டும் ஏற்கெனவே ஏறியிருந்தது. சரி, இன்னொரு தடவை வையுங்கள், பன்னிரண்டுக்கும் சந்தனம் வைக்க வேண்டும், ஒன்றைக்கூடத் துடைக்கக் கூடாது என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். பன்னிரண்டுக்கும் சந்தனம் வைத்தால் எதனால் பிழைத்தது என்று எப்படித் தெரியும்? காலம் முழுக்கச் சந்தனம் அரைத்துக்கொண்டே கண்ணாடி செய்வதா? பொறியாளர் சுவரில் சாய்ந்து நின்றார். அந்த அம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

“இதுக்கு ஏன் சார் இவ்ளோ பேஜாரு? ஆறுக்குத் துளை மேல வெக்கிறேன். ஆறுக்கு நீங்களே துளைய கொறச்சிப் போடுங்க, நான் ஓரத்துல வெக்கிறேன். ஓரத்துல வெச்சா சாமி வாணாங்குதா?”

முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை. ஆறு தாளில் முப்பத்தாறு துளை போட்டு, அவர் வைத்த பொட்டு ஒன்பதை மூடுகிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்றில் எட்டுதான் மூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன். சந்தனம் போதாது என்று நீங்கள் சொல்லும் நாள் வரும் என்று நினைத்ததில்லை சார், என்று அந்த அம்மாள் சிரித்தார். மற்ற ஆறிலும் இருபத்தேழு மட்டும் குத்தி, பொட்டை விளிம்பில் வைத்தோம்.

பன்னிரண்டாம் நாள், பதின்மூன்று, பதினான்கு. அந்த மூன்று நாளும் விழுப்புரத்திலிருந்து ஒரு ரயில் முன்னதாகவே போனேன். பதினைந்தாம் நாள் பன்னிரண்டும் முழுசாக இருந்தன. இருபத்தொன்று முடிந்து உலையில் சுட்டு எடுத்தபோது, விளிம்பில் பொட்டு வைத்த ஆறும் துளிக் கறையில்லாமல் வந்தன. துளைமேல் வைத்தவற்றில் நான்கு சுத்தம். இரண்டில் சந்தனத் துகள் உதிர்ந்து விழுந்து பழுப்புப் புள்ளி. ஆக, சந்தனம் செய்த வேலை அந்த இரண்டு புள்ளிதான். அதையும் எழுதினேன்.

பத்து வில்லைகளைச் சென்னைக்கு அனுப்பினோம். சோதித்துவிட்டு, தொடர்ந்து எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. எண்ணெய் இயந்திரம் திருவெண்ணெய்நல்லூரிலேயே ஒரு கொட்டகைக்குப் போய்விட்டது. பொறியாளர் அட்டைப் பெட்டிகளைப் பிரித்தார். தராசின் ஒரு கால் வளைந்திருந்தது. நான் சொன்னேனா இல்லையா?

ஆனால் கதை மட்டும் சந்தனத்தின் பேரில்தான் நடக்கிறது. எட்டாவதாக வந்தவர் சென்னை நிறுவனத்திலிருந்தே வந்தவர். முதலாளி ஆரம்பித்ததும் நான் எழுந்தேன். எனக்கு முன்னால் பொறியாளர் பேசிவிட்டார். சார், காரணம் பதிவேட்டில் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைத் திறந்து வந்தவரிடம் கொடுத்தார். ‘நீக்கியவர், பதிவாளர்’ என்ற வரியை அவர் படித்துவிட்டு, அந்தப் பதிவாளர் யார் என்று கேட்டார். அறையில் நான்கு பேர். மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள்.

நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை துளை என்று கேட்டார். இருபத்தேழு என்றேன். நீங்களே எண்ணினீர்களா என்றார். உலர்பெட்டியின் முன் அழைத்துப் போய், கதவைத் திறக்காமல், வெளியிலிருந்தே எண்ணிக் காட்டினேன்.