ரேவதிக்கு ஒரு சட்டம் வேண்டும்

"எந்த ஹாஸ்பிட்டல்ல சார் அட்மிட் ஆனாங்க?" என்று கேட்டாள் இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பெண்.

"அட்மிட் ஆகலம்மா. அக்குபஞ்சர். ஊசி குத்தி, அரை மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அப்போ கவர் ஆகாது சார்."

குரலில் நிஜமான வருத்தம். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

என் மனைவி ஸ்டெல்லா தாம்பரத்தில் கணக்கு டீச்சர். சில மாதங்களுக்கு முன் வலது தோள் இறுகிப்போய்க் கை மேலே ஏறவில்லை. போர்டின் கீழ்ப்பாதியில்தான் கணக்குப் போட்டாள். எலும்பு டாக்டர், 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று சொல்லிப் பயிற்சிகள் கொடுத்தார். செய்தாள். கூடவே, பீர்க்கன்கரணையில் ஒரு மாடியில் அக்குபஞ்சர் பார்க்கும் ரேவதியிடமும் போனாள்.

முதல் நாள் ஊசி குத்தியது அவளுக்கு. வியர்த்தது எனக்கு. "சார், நீங்க வெளியே காத்தாட உக்காருங்க" என்று அனுப்பிவிட்டார் ரேவதி.

மெல்ல மெல்லக் கை ஏறியது. ஊசியா, பயிற்சியா, தானாகவே இளகியதா... எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாவைக் கேட்டால் 'ரேவதி' என்பாள்.

அந்த ரேவதிமேல் யாரோ 'போலி டாக்டர்' என்று புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை மாடியைப் பூட்டச் சொல்லி, போன செவ்வாய்க்கிழமை சுகாதாரத் துறை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். "தனியா போகாதீங்க, நானும் வரேன்" என்று ஸ்டெல்லா லீவு போட்டாள். ரேவதி தன் ஸ்கூட்டரில். பின்னாலேயே எங்கள் பைக்.

அதிகாரி பொறுமையான மனிதர். ரேவதியின் அக்குபஞ்சர் டிப்ளமோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்த கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கீங்க?"

"நம்ம ஸ்டேட்ல இதுக்கு கவுன்சிலே இல்ல சார். மகாராஷ்டிராவுல தனிச் சட்டம் இருக்கு."

ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வலது கையை உயரத் தூக்கினாள். "சார், இந்தக் கை தோளுக்கு மேல வராம இருந்துச்சு."

"சந்தோஷம் மேடம், உக்காருங்க. நல்ல வைத்தியமான்னு நான் கேக்கல. எந்த ரூல்ல வருதுன்னு கேக்கறேன்."

"அதையேதான் சார் நானும் கேக்கறேன்" என்றார் ரேவதி. கண் கலங்கியிருந்தது. "சட்டம் வந்தா எனக்கு பயமில்ல. பரீட்சை வெக்கட்டும், எழுதறேன். இப்போ வீடியோ பாத்து ஊசி குத்தறவனும் நானும் ஒரே வரிசையில நிக்கிறோம்."

அதிகாரி டிப்ளமோவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்காதீங்க. மாத்திரை மருந்து குடுக்காதீங்க" என்றார்.

"ரெண்டுமே செஞ்சதில்ல சார்."

"அப்போ திறங்க. இதுக்கு மேல சொல்ல எனக்கும் சட்டம் இல்ல."

சட்டம் என்றாலே நழுவப் பார்க்கிற ஆட்கள் நாம். போலீஸைப் பார்த்த பிறகுதானே ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது? 'என்னையும் ஒரு சட்டத்துக்குள்ள சேத்துக்குங்க' என்று ஒருவர் கண்கலங்கி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அப்படி ஒன்று வந்தால், இன்ஷூரன்ஸ்காரர்களும் ஒருநாள் அந்த மாடிப்படி ஏறக்கூடும்.

திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டெல்லா என் தோளை இறுக்கிப் பிடித்தாள் — குணமான அந்தக் கையால்.

இப்போது வலி என் தோளில். இதுவும் கவர் ஆகாதாம்.