அம்மாவுக்கு முன்னால் போன மூட்டை

வண்டியில் மூன்று பேர் போகக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன் அல்லவா, கண்ணுகளா? எட்டு வயதில் அந்த மூன்றாவது ஆள் நான்தான். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன்; மலைமேல் வெள்ளக்கடை என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளில் முன்னால் அத்தா, பின்னால் அம்மா, நடுவில் நசுங்கிக்கொண்டு நான். அந்த நடு இடத்தில் குளிர் தெரியாது. பனிக்குள் போகும்போது, நாங்கள் நிற்பது போலவும் சில்வர் ஓக் மரங்கள்தான் எங்களைத் தாண்டிப் போவது போலவும் இருக்கும்.

அந்த வருடம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வாரம் ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே வாந்தி. வண்டியிலோ, திரும்பி வரும்போது கை சோர்ந்து பிடி நழுவியது. அதனால் அத்தா, முதுகு சாய ஒரு மெத்தையும் அதைத் தாங்கும் கம்பியும், பிளாஸ்க்கும் மாத்திரையும் வைக்க ஒரு பக்கப் பெட்டியும் வாங்கி வந்தார். கடை வாசலில் உட்கார்ந்து அவரே மாட்டினார். கம்பியின் ஓட்டை வண்டியின் ஓட்டையோடு சேரவில்லை. அரத்தால் தேய்த்து அகலமாக்கினார். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி இடையில் வைத்தார். முடிந்ததும் பார்த்தால் சீட்டு குட்டையாகிவிட்டது. இரண்டு பேருக்குத்தான் இடம்.

"அப்ப நானுங்க அத்தா?"

"நீ கடையப் பாத்துக்க சாமி."

அத்தா சாப்பிடப் போனதும் ஸ்பேனரை எடுத்து, கீழ்ப்பக்க நட்டைக் கழற்றி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். கம்பி ஆடினால் அத்தா அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் கம்பி ஆடவில்லை. ஒன்றும் நடக்காதது போல நின்றது.

அத்தா அம்மாவை உடனே ஏற்றவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த அம்மாவின் எடைக்கு உருளைக்கிழங்கு நிறுத்து, மூட்டை கட்டி, பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார். காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு அக்கா நின்றுவிட்டார்.

"ஏனுங்க பாய், மூட்டைக்கு நொம்பச் சொகுசுதான் போங்க. மறுவீட்டு விருந்துக்குங்களா?"

"அவ உக்கார்றதுக்கு முந்தி இது ஒருக்காப் போயிட்டு வரட்டுமுங்க."

வண்டி மேட்டில் ஏறிப் பனிக்குள் கரைந்தது. சத்தம் மட்டும் தூரத்தில் யாரோ தூக்கத்தில் பேசுவது போலக் கேட்டது. பிறகு பொத்தென்று ஒன்று விழுந்தது. வெள்ளைப் பனிக்குள்ளிருந்து உருளைக்கிழங்குகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து என் காலடியைத் தாண்டிப் போயின. நான் சட்டென்று திரும்பி அம்மாவைத் தேடினேன். அம்மா போர்வையோடு வாசலில்தான் நின்றிருந்தார்.

மேட்டில் ஓடிப்போய் நட்டை நீட்டினேன். அத்தா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. சரிந்த கம்பியை நிமிர்த்தி ஓட்டையோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

"நீயே முடுக்கு கண்ணு. உனக்கே போதும்னு தோணற வரைக்கும் முடுக்கு."

கை வலிக்க வலிக்க முடுக்கினேன்.

மறுநாள் காலை அம்மா ஏறிச் சாய்ந்துகொண்டார். "தொட்டில்ல போட்டாப்பல இருக்குதுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமாக ஒரே முறுக்கில் மேட்டைத் தாண்டிவிடும் அத்தா, அன்று ஊர்ந்து போனார். கூடையோடு தோட்டத்துக்கு நடந்தவர்கள்கூட வண்டியை முந்திக்கொண்டு போனார்கள். வாசலில் நின்ற எனக்கு வருத்தமாக இருந்தது. கம்பியையும் பெட்டியையும் ஏற்றி ஏற்றி, நல்ல வண்டியை வலு இல்லாமல் ஆக்கிவிட்டாரே என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்.