பொட்டு வைத்த கீசர்

புனிதாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. திண்டிவனத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் குளியல் வேனில் அவளுக்கு வேலை. படுத்த படுக்கையானவர்களின் வீட்டு வாசலுக்கே போய், வேனுக்குள் உட்கார வைத்துக் குளிப்பாட்டிவிட வேண்டும். யாரோ ஊர் சுற்றுவதற்காகக் குளியலறையோடு கட்டிய பழைய வண்டி அது. கேஸ் கீசரும் அதோடு வந்ததுதான். புனிதா சோப்பு போட ஆரம்பித்தால் காதுக்குப் பின்னால் இருக்கும் அழுக்குகூடத் தப்பாது.

அன்றைக்கு வல்லத்தில் சின்னபொண்ணு வீடு. நாற்று நட்டு, மல்லாட்டைக் கடலை பிடுங்கி, யார் தயவும் இல்லாமல் வாழ்ந்தவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இன்னொருத்தி குளிப்பாட்டுவதா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். மருமகள் வேணி ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. அன்று காலைதான் சின்னபொண்ணு எப்படியோ தலையாட்டியிருந்தாள். இன்று திரும்பிப் போனால் இனி அந்தத் தலை ஆடாது என்று புனிதாவுக்கு நன்றாகத் தெரியும்.

சக்கர நாற்காலியோடு அவளை வேனுக்குள் ஏற்றிவிட்டுக் குழாயைத் திறந்தாள். கீசர் டிக்டிக்கென்றது. தீ நீலமாகப் பிடித்தது, உடனே அணைந்தது. மறுபடியும் அதே கதை.

சிலிண்டரை அசைத்துப் பார்த்தாள், கனமாகத்தான் இருந்தது. இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினாள், குமிழி வரவில்லை. பேட்டரியை மாற்றியும் பயனில்லை.

வேணி எட்டிப் பார்த்தாள். "அக்கா, நான் வேணா அடுப்புல தண்ணி வெச்சி எடுத்தாரட்டுமா?"

"ஒண்ணும் வாணாம்." சின்னபொண்ணுவின் வாய் குழறியது. "எனக்காக ஆளாளுக்கு பேஜார்பட்டுக்கினு கீறீங்க. என்னெ எறக்கி வுடுங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா," என்ற புனிதா, கேஸை மூடினாள். கதவைத் திறந்துபோட்டுக் காற்றாட விட்டபின் கீசரின் முன்மூடியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு கம்பிகள். ஒன்று பொறி விடும். மற்றது தீ எரிகிறதா என்று பார்க்கும். தீ தெரியாவிட்டால் கேஸை நிறுத்திவிடும். அந்தக் கம்பியின் மேல் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம்.

புனிதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேற்று ஆயுத பூஜை. ஸ்டியரிங், டயர், பக்கெட், சோப்பு டப்பா என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், உள்ளே இருப்பதை மட்டும் விடுவானேன் என்று மூடியைக் கழற்றி அங்கேயும் வைத்திருந்தாள். இப்போது சத்தமில்லாமல் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தன்னால்தான் எல்லோருக்கும் தொல்லை என்று அந்த அம்மாள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"தப்பு என்னுதும்மா. நேத்து பூஜையில இந்தக் கம்பிக்கும் சந்தனப் பொட்டு வெச்சிட்டேன். தீ எரியறதே அதுக்குத் தெரியல."

சின்னபொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். கோணிய வாயில் சிரிப்பு பீறிட்டது. "அடிப்பாவி! கம்பியக் கூட வுடலியா நீ?" சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மாமியார் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று வேணி நினைத்துக்கொண்டாள்.

கம்பியைத் துடைத்து மூடியை மாட்டியதும் தீ நின்று எரிந்தது. புனிதா வெந்நீரைத் தன் கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள். "ஆரம்பிக்கலாமாம்மா?"

சின்னபொண்ணு வலது கையால் முதுகுப் பக்கம் காட்டினாள்.

"முதுவ நல்லா தேச்சி வுடுடி. ரொம்ப நாளா அரிச்சிக்கினே கீது. யாருகிட்ட சொல்லுவேன்?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேணியும் வேனுக்குள் ஏறினாள்.