அப்பாவின் முதுகு

காலை ஆறு ஐம்பதுக்கு, கோலா சிலாங்கூர் சந்தையிலிருந்து வீடு திரும்பியபோது, வாசலில் முதலில் கண்ணில் பட்டது பளபளக்கும் ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. வைபியுடையது. நாடாளுமன்ற உறுப்பினர்களை மலேசியாவில் அப்படித்தான் அழைப்போம். இவர் எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, தேர்தலில் நின்று வென்றவர்.

நான் நிருபர். அவருடைய நாடாளுமன்ற உரைகளைச் செய்தியாக்குவது என் வேலை. அப்பா அந்தச் செய்திகளிலிருந்து அவர் படத்தை மட்டும் கத்தரித்து வைப்பார். என் பெயர் குப்பைக்குப் போகும்.

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்கு முதுகில் புண். என்னைத் தொடவே விடமாட்டார். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் வந்த வைபி, சட்டைக் கையை மடித்துவிட்டு, அப்பாவைப் பக்கவாட்டில் புரட்டிப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு பார்லிமெண்டுல என்னாடா பேசப் போற?”

“ஒங்க முதுகப் பத்திதான் மாமா. எந்தக் கட்சியும் எதிர்க்காது லா.”

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதங்களாகியிருந்தன.

அவர் புறப்படும்போது வாசலில் கேட்டே விட்டேன். “நான் தொட்டா மட்டும் ஏன் கத்துறாரு?”

சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடியே சொன்னார். “பட்டாளத்துலயும் அப்படித்தான். சொந்தக்காரங்க பாக்க வந்தா காயம்பட்டவங்க போர்வைய இழுத்து மூடிக்குவாங்க. என்கிட்ட என்னா கூச்சம்? நான் வெளியாளுதான.”

மறுநாள் காலை, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், நானே கழுவினேன். அப்பா கத்தவில்லை. முடியும்வரை கண்களை மூடிக்கொண்டிருந்தார்.